நான்காம் நாளின் சிவப்புப் புள்ளிகள்

வெள்ளிக்கிழமை பிற்பகல் நுவரெலியாவிலிருந்து கந்தப்பளைக்குப் போகும் பஸ்ஸில் கோசலா ஒரு பிளாஸ்க்கை ஜேர்சிக்குள் வைத்து அணைத்தபடி உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் இருந்த பெண் உள்ளே கஞ்சியா என்று கேட்டார். மீன் முட்டை என்றால் பேச்சு இறங்கும்வரை நீளும் என்று பயந்து கோசலா ஆமென்று தலையாட்டினாள்.

பிளாஸ்க்கில் ஐம்பத்திரண்டு முட்டைகள் இருந்தன. கடுகளவே இருந்தவை, கண்ணாடிபோலத் தெளிந்தவை. அவள் படிக்கும் பல்கலைக்கழகத்து ஆய்வுகூடத்தில் சீப்ரா மீன்கள் இரண்டு வாரம் ஒன்றும் இடாமல் இருந்துவிட்டு, அன்று காலை எட்டு மணிக்கு இட்டவை. பத்து மணிக்கு ஊரிலிருந்து போன் வந்தது. கந்தப்பளை பஜாரில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் அவளுடைய அப்பா வீரபத்திரன், கடை வாசல் ஈரத்தில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டை முறித்துக்கொண்டார். அம்மா அக்காவின் பிரசவத்துக்காகக் கொழும்பில் இருந்தார். கோசலாதான் போகவேண்டும். முட்டைகளை விட்டுப் போகவும் மனமில்லை. ஒரு நாள்தானே, சனிக்கிழமை மாலையே திரும்பிவிடலாம் என்று பிளாஸ்க்கில் எடுத்துக்கொண்டாள். இடையில் முட்டை நீரை மாற்றுவதற்கு, மீன் குஞ்சின் தோலில் கறுப்பு படிந்து உள்ளே இருப்பதை மறைக்காமல் தடுக்கும் மருந்து கலந்த நீரும் ஒரு போத்தல்.

அந்த முட்டைகளில் அவள் பார்க்க நினைத்தது இதுதான். வளர்கிற மூளை தனக்குத் தேவையானதைவிட அதிகமான நரம்புக்கலங்களை, அதாவது நியூரான்களை, உண்டாக்குகிறது. மிஞ்சுகிறவை இறந்துபோகின்றன. இறக்கிற கலம் பேசாமல் இறப்பதில்லை. இரசாயனச் சமிக்ஞை ஒன்றை வெளியே விடுகிறது. மூளைக்கு வெளியே, மஞ்சட்கருப் பக்கமாகத் திரியும் ஒருவகைக் கலங்கள் அதை உணர்ந்து மூளைக்குள் நுழைகின்றன. இறந்ததைத் தின்றுவிட்டுத் திரும்பிப் போவதில்லை. அங்கேயே தங்கி, நரம்புக்கலங்களோடு ஓயாமல் செய்தி மாற்றிக்கொண்டு, எந்த இணைப்பு நிலைப்பது, எது போவது என்பதிலும் பங்கெடுக்கின்றன. அவற்றுக்கு மைக்ரோகிளையா என்று பெயர். மூளையில் நரம்புக்கலங்களுக்குத் துணையாக இருக்கும் கிளையாக் கலங்களில் ஒரு வகை. நியூட்ரல் ரெட் என்ற சாயத்தில் உயிருள்ள மீன் குஞ்சை நீந்தவிட்டால், தின்கிற இந்தக் கலங்கள் மட்டும் சிவந்து தெரியும்.

மற்ற நாடுகளில் பலர் கண்ட காட்சி அது. கோசலாவுக்கு மட்டும் தெரியவில்லை. நான்கு மாதமாக, ஏழு முறை, புத்தகம் சொல்லும் நாளில், புத்தகம் சொல்லும் அளவில் சாயம் போட்டாள். ஒன்றிரண்டு மங்கல் கறைகளுக்கு மேல் ஒன்றுமில்லை. சாயம் பழையதோ, மீன் இனம் சரியில்லையோ, தன் கைதான் சரியில்லையோ என்று ஒவ்வொன்றாகச் சந்தேகப்பட்டாள். மாத முடிவுக்குள் ஒரு வழி பிறக்காவிட்டால் தலைப்பை மாற்றிக்கொள்ளலாமென்று பேராசிரியை அன்பாகத்தான் சொல்லியிருந்தார். அந்த அன்புதான் அவளை அதிகம் வருத்தியது.

சனிக்கிழமை விடிந்தபோது மழை கொட்டிக்கொண்டிருந்தது. ஏழு மணிக்குக் கடை திறக்க வந்தவர்கள் நுவரெலியாப் பாதையில் மண் சரிந்துவிட்டதாகச் சொன்னார்கள். ரயிலும் ஓடவில்லை. எப்போது திறக்கும் என்று யாருக்கும் தெரியவில்லை. கோசலா வீட்டுக்குள் ஓடிப்போய் வெப்பமானியைப் பார்த்தாள். அறையில் பதினான்கு பாகை. முட்டைகளுக்கு இருபத்தெட்டு வேண்டும்.

முறிந்த கையைக் கழுத்தில் கட்டிய துணியில் தொங்கவிட்டிருந்த அப்பா அவள் முகத்தைப் பார்த்தார். என்ன விஷயமென்று கேட்டு, முழுதும் கேட்டுக்கொண்டு, முட்டைக்குச் சூடு வேண்டுமென்றால் கிருஷாந்தியிடம் போக வேண்டியதுதானே என்றார். கடைக்குக் கோழித்தீனி வாங்க வருகிறவளை அவருக்கு நன்றாகத் தெரியும்.

கிருஷாந்தி ஓ.எல் பரீட்சை வரை கோசலாவோடு ஒரே வகுப்பில் படித்தவள். பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து லய வீடொன்றில் பிறந்தவள். தாயும் தகப்பனும் இன்னும் அங்கேதான் வேலை செய்கிறார்கள். அவள் பஜாருக்குப் பின்னால் ஓர் அறையை வாடகைக்கு எடுத்து, தானே செய்த பெட்டிகளில் கோழிக்குஞ்சு பொரிக்கவைத்து விற்றுக்கொண்டிருந்தாள். கோசலா நனைந்தபடி வந்து பிளாஸ்க்கைத் திறந்து காட்டியதும் அவள் உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"எங்கடி முட்டை? வெறும் தண்ணியில்ல இருக்கு."

வெளிச்சத்தில் காட்டியபோது கண்ணை அருகே கொண்டுபோனாள். ஒவ்வொரு முட்டைக்குள்ளும் ஒரு வால் சுருண்டிருப்பது வெறுங்கண்ணுக்கே மங்கலாகத் தெரிந்தது. கோழி முட்டையை ஓடு உடைக்காமல் இப்படிப் பார்க்க முடிந்தால் தன் பாதிக் கவலை தீர்ந்துவிடும் என்றாள். பிறகு வேலையில் இறங்கினாள். மீன் பெட்டி ஒன்று, பாரமில்லாத வெள்ளை ரெஜிபோம் நுரையில் செய்தது, சும்மா கிடந்தது. அதற்குள் ஒரு சின்ன பல்பு, சூடு குறைந்தால் பல்பை ஏற்றி, கூடினால் அணைக்கும் சூட்டுக்கட்டை, ஒரு கிண்ணம் தண்ணீர். அரைமணி நேரத்தில் பெட்டியின் வெளிப்பக்க முள் இருபத்தெட்டைக் காட்டியது. கோசலா முட்டைகளை உள்ளே வைக்கப் போனாள். கிருஷாந்தி கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"பெட்டி சொல்றத நம்பாத. பெட்டி தன்னோட சூட்டத்தான் சொல்லும். முட்டை இருக்கிற எடத்துல என்ன சூடுன்னு முட்டைக்குப் பக்கத்துல வச்சுத்தான் பாக்கணும். மொத வருஷம் இது தெரியாம நூத்தம்பது குஞ்ச கொன்னுட்டேன்."

அவள் ஒரு கண்ணாடி வெப்பமானியைக் கிண்ணத்து நீரில் நட்டாள். இருபத்தைந்து. பல்பைக் கொஞ்சம் இறக்கினாள். இருபத்தேழு. இன்னும் கொஞ்சம்.

கோசலா அவளைப் பார்க்கவில்லை. அவள் மனக்கண்ணில், பல்கலைக்கழகத்து அடைகாப்புப் பெட்டியின் முகப்பில் பச்சை நிறத்தில் எரியும் இருபத்தெட்டு என்ற எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான்கு மாதமாக அந்த எண்ணைத்தான் தன் குறிப்புப் புத்தகத்தில் எழுதியிருக்கிறாள். உள்ளே, கீழ்த்தட்டில், தன் கிண்ணங்களுக்குப் பக்கத்தில் ஒருநாளும் வெப்பமானி வைத்ததில்லை.

சனிக்கிழமைகளில் மீனுக்குத் தீனி போட வரும் ஆய்வுகூட உதவியாளர் பொன்னையாவுக்குப் போன் போட்டாள். ஒரு வெப்பமானியைக் கீழ்த்தட்டில் தண்ணீருக்குள் வைத்து அரைமணி கழித்துப் பார்த்துச் சொல்லும்படி கேட்டாள். அந்த அரைமணி நேரமும் கிருஷாந்தியின் அறையில் குறுக்கும் நெடுக்கும் நடந்தாள். குஞ்சுகள் கத்தின. போன் அடித்தது.

"இருபத்திமூணுங்க மிஸ்," என்றார் பொன்னையா. "ரெண்டு தரம் பாத்தேன். முன்னால இருபத்தெட்டுதான் காட்டுது."

கோசலா போனை வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். சிரிப்பு வந்தது, நிறுத்த முடியவில்லை. இருபத்துமூன்று பாகையில் மீன் மெதுவாகத்தான் வளரும். அவள் நான்காம் நாள் என்று எண்ணிப் பார்த்த குஞ்சுகள் உண்மையில் மூன்று நாள் வளர்ச்சியைக்கூட எட்டாதவை. வரவேண்டிய கலங்கள் அவற்றின் மூளைக்கு இன்னும் வந்தே சேர்ந்திருக்காது. ஏழு முறையும் அவள் சரியான இடத்தை நேரத்துக்கு முன்னால் பார்த்திருக்கிறாள்.

"சாயம் சரிதான். மீன் சரிதான். என் கையும் சரிதான்டி," என்றாள்.

கிருஷாந்திக்கு முழுதும் விளங்கவில்லை. ஆனால் சூடு சம்பந்தப்பட்ட விஷயம் என்பதால் பாதிக்குமேல் விளங்கியது. அப்படியென்றால் இந்த ஐம்பத்திரண்டையும் இங்கேயே பார்த்துவிடலாமே, பாதை திறக்கிறவரை ஏன் காத்திருக்க வேண்டும் என்று அவள்தான் முதலில் கேட்டாள்.

ஞாயிறு பின்னேரம் கரண்ட் போனது. பல்பு அணைந்தது. கிருஷாந்தி பதறவில்லை. மழைக்காலத்தில் இது அவளுக்கு வழக்கம். கொதிநீரை இரண்டு போத்தலில் ஊற்றித் துணி சுற்றிப் பெட்டிக்குள் வைத்தாள். ஆற ஆற மாற்றினாள். முட்டைக்கு அருகே முள் இருபத்தாறுக்குக் கீழே இறங்காமல் பார்த்துக்கொண்டாள். அடுத்த அறையில் அவளுடைய சொந்தக் கோழி முட்டைகள் நூற்றுக்கும் மேல் இருந்தன. அவற்றுக்கும் இதே ஓட்டம். கோசலா கெட்டிலோடு அவள் பின்னால் ஓடினாள். அந்த ஓட்டத்துக்கு நடுவில்தான் கிருஷாந்தி கேட்டாள், கோசலா விளக்கியிருந்த அந்தக் கலங்கள் மூளைக்குள் போய்ச் செய்வது தேயிலைச் செடியில் வேண்டாத கிளைகளைக் கவ்வாத்து வெட்டுகிற மாதிரியா என்று.

கோசலா கெட்டிலைக் கீழே வைத்துவிட்டு யோசித்தாள். "கவ்வாத்துல எத வெட்டணும்னு வெட்டுறவங்கதான் பாத்து முடிவு பண்றாங்க. இங்க அப்படியில்ல. சாகப்போற கலமே வா வான்னு கூப்பிடுது. கூப்பிடாட்டி அதுங்க உள்ள வர்றதே கொறைஞ்சிருமாம்."

"அப்ப மூளைக்குக் காவல் நிக்கிறதுங்கள மூளையேதான் வரவழைக்குதா?"

"ஆமா."

"பொறக்கிறதுக்கு முந்தியே?"

"மனுசன்லயும் அப்படித்தான். அம்மா வயித்துக்குள்ள இருக்கிறப்பவே."

கிருஷாந்தி கொதிநீர்ப் போத்தலை மார்போடு அணைத்துக்கொண்டாள். போய் முட்டைகளைப் பார்த்துவிட்டு வந்தாள்.

திங்கள் காலை குஞ்சுகள் வெளியே வந்துவிட்டன. நாற்பத்தொன்று. மயிரிழை மாதிரி, இரண்டு பெரிய கண்களோடு, கிண்ணத்தின் அடியில் படுத்துக் கிடந்தன. பல்கலைக்கழகத்தில் அவை நான்காம் நாள்தான் வெளிவரும். இங்கே மூன்று நாளில் வந்துவிட்டன. இவ்வளவு சதவீதம் கோழியில் வந்திருந்தால் வீடே கட்டியிருப்பேன் என்றாள் கிருஷாந்தி. கோசலாவுக்கு இனி இரண்டு பொருள்கள்தான் வேண்டும்: நுணுக்குக்காட்டியும் சாயமும்.

இரண்டையும் கேட்டு அவர்கள் ஜீவராஜிடம் போனார்கள். அவர் பஜாருக்கு மேலே இருக்கும் பாடசாலையில் உயிரியல் ஆசிரியர், அக்கரப்பத்தனைக்காரர். முப்பது வயதுகூட இருக்காது. மழையால் பாடசாலைக்கு விடுமுறை விட்டும் ஊருக்குப் போகப் பாதையில்லாமல் தங்குமிடத்தில் இருந்தார். கோசலா சொல்லச் சொல்ல அவர் எழுந்து நின்றுவிட்டார். ஆனாலும் ஒழுங்கான மனிதர். பாடசாலை அதிபருக்குப் போன் போட்டு அனுமதி வாங்கி, யார் யார் வருகிறார்கள் என்று ஒரு தாளில் எழுதிவைத்த பிறகுதான் ஆய்வுகூடத்துச் சாவியை எடுத்தார். கண்ணாடி திருப்பி வெளிச்சம் பிடிக்கிற பழைய நுணுக்குக்காட்டி நான்கு இருந்தன. அலமாரியின் மேல் தட்டில், திறக்கப்படாத சிறு போத்தல்களுக்கு நடுவே தேடி, நியூட்ரல் ரெட் என்று ஒட்டியிருந்த ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். தான் வந்த நாளிலிருந்து அது அங்கே இருக்கிறதாம். பாடத்திட்டத்தில் அதற்கு வேலையில்லையாம்.

மிச்சம் இருந்த சிக்கலை அப்பா தீர்த்துவைத்தார். உயிருள்ள குஞ்சு துள்ளும். அதை அசையாமல் ஏதாவது ஒரு தெளிந்த பசையில் பதிக்க வேண்டும். ஆய்வுகூடத்தில் அதற்கு அகார் என்று ஒன்று இருக்கும் என்று கோசலா சாப்பிடும்போது புலம்பினாள். அது கடற்பாசியிலிருந்து எடுப்பதா என்று அப்பா கேட்டார். ஆமென்றதும் எழுந்துபோய், இடது கையால், நோன்பு காலத்தில் முஸ்லிம் வீடுகளுக்கென்று வரவழைக்கும் கடற்பாசிப் பொட்டலத்தைத் தேடி எடுத்து அவள் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார்.

செவ்வாய்க்கிழமை, நான்காம் நாள், காலை எட்டு மணிக்குச் சாயம். மில்லிகிராம் நிறுக்கும் தராசு இல்லாததால் ஒரு சிட்டிகையை ஒரு லீட்டர் நீரில் கரைத்து, அதில் மறுபடி மறுபடி நீரூற்றி, கோசலா தன் கண்ணில் நிற்கும் அந்த வெளிறிய ரோசா நிறம் வரும்வரை நீர்க்கவைத்தாள். குஞ்சுகளை அதில் விட்டுப் பெட்டிக்குள் வைத்தார்கள். ஆறு மணிநேரம் வேறு வேலையில்லை. கோசலா கடையில் நின்று பருப்பு நிறுத்தாள். இரண்டு பேருக்கு மாற்றி நிறுத்துவிட்டாள்.

இரண்டு மணிக்குப் பாடசாலை ஆய்வுகூடத்தில் மூன்று பேரும் கூடினார்கள். பெட்டியும் கொதிநீர்ப் போத்தல்களும் கூடவே வந்திருந்தன. குஞ்சுகளைச் சுத்தமான நீரில் கழுவி, முதல் குஞ்சைக் கடற்பாசிக் கூழில் வைத்தபோது கூழ் சூடாக இருந்துவிட்டது. அது ஒரு முறை துடித்துச் செத்தது. கிருஷாந்தி கூழை வாங்கித் தன் மணிக்கட்டின் உட்புறத்தில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தாள். பொறு என்றாள். இன்னொரு சொட்டு. இப்போது சரி என்றாள்.

இரண்டாவது குஞ்சு முதுகு மேலே தெரிய அப்படியே நின்றது. இதயம் அடித்துக்கொண்டிருந்தது. கோசலா கண்ணை வைத்தாள். ஜன்னலுக்கு வெளியே மூடுபனி ஏறியிருந்தது. கண்ணாடியில் வெளிச்சம் போதவில்லை. கிருஷாந்தி போனின் டோர்ச்சை ஏற்றிக் கண்ணாடிமேல் பிடித்தாள்.

வட்டம் வெளிச்சமானது. இரண்டு கரிய கண்கள். அவற்றுக்கு நடுவே, நீர்போலத் தெளிந்த மூளையின் இரண்டு மேடுகள். அவற்றுக்குள் சிவப்புப் புள்ளிகள்.

கோசலா எண்ணினாள். குவியத்தைச் சற்று இறக்கி மறுபடி எண்ணினாள். கண்ணை எடுத்தபோது அவள் கன்னம் நனைந்திருந்தது.

"இருபத்திமூணு," என்றாள்.

ஜீவராஜ் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பதினோரு வருடமாகத் தான் படித்ததும் படிப்பித்ததும் படத்தில்தான் என்று மெதுவாகச் சொன்னார். கிருஷாந்தி முறை வந்தபோது டோர்ச்சை அவர் பிடித்துக்கொண்டார். அவளுக்கு முதலில் தன் கண்ணிமைதான் தெரிந்தது. பிறகு ஒரு மூச்சு விட்டாள்.

"இதெல்லாம் வெளியிலேருந்து உள்ள வந்ததுங்களா?"

"அத்தனையும்," என்றாள் கோசலா.

"ஒண்ணு அசையுதே."

கோசலா அவளைத் தள்ளாத குறையாக விலக்கிவிட்டுக் குனிந்தாள். இடது மேட்டின் ஓரத்தில் ஒரு புள்ளி மற்றவற்றைப்போல உருண்டையாக இல்லாமல் ஒரு பக்கம் நீண்டிருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போது அது அசைவது தெரியாது. கண்ணை எடுத்து மறுபடி வைத்தால் இடம் மாறியிருந்தது. பெரிய வில்லையைத் திருப்பினாள். புள்ளி நீண்டிருந்த திசையில், சற்றுத் தூரத்தில், கறுத்துச் சுருங்கிய ஒரு சிறு மணி இருந்தது. சாகிற நரம்புக்கலம் அப்படித்தான் இருக்கும் என்று அவள் நூறு படங்களில் பார்த்திருக்கிறாள்.

ஜீவராஜ் நேரம் சொல்ல, கோசலா ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை பென்சிலால் வரைந்தாள். மூன்று பத்து. மூன்று பதினைந்து. சிவப்பு ஒரு கையை நீட்டியது, கை பருத்தது, உடல் அதற்குள் ஒழுகிவந்தது. மூன்று இருபத்தைந்துக்குக் குஞ்சின் இதயம் மெதுவானதுபோலத் தோன்றியது. கிருஷாந்தி கண்ணாடித் தட்டைச் சுற்றி இளஞ்சூட்டு நீரைத் துளித்துளியாக விட்டாள். அடி பழையபடி வந்தது. மூன்று முப்பத்தைந்துக்குச் சிவப்பு கறுத்த மணியைத் தொட்டது. மூன்று ஐம்பதுக்கு மணியை வெளியே காணவில்லை. சிவப்புக்குள் ஒரு கரிய பொட்டு இருந்தது.

மூன்று பேரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். பிறகு ஒரே நேரத்தில் நிறுத்திச் சிரித்தார்கள். ஜீவராஜ்தான் முதலில் நிதானத்துக்கு வந்தார்.

"தற்செயலா அந்தப் பக்கம் போயிருக்கலாம் தானே?"

"போயிருக்கலாம் சேர்," என்றாள் கோசலா. கோபம் வரவில்லை. அந்தக் கேள்விக்காகத்தான் அவள் படிக்கிறாள். "அதனால இன்னொண்ணு தேடுவோம்."

வெளிச்சம் இருக்கும்வரை தேடினார்கள். நான்கரை மணிக்கு வலது மேட்டில் இன்னொன்று கிடைத்தது. அது வேறொரு கறுத்த மணியை நோக்கி நேராக வந்தது. இரண்டு முறை நடந்தால் நிரூபணம் ஆகிவிடாது. கோசலா அதைத் தாளின் அடியில் எழுதிவைத்தாள். எழுதும்போதே அடுத்த சோதனையும் சேர்ந்து வந்தது: கலங்கள் சாகாமல் தடுக்கும் மருந்தில் பாதிக் குஞ்சுகளை வளர்க்க வேண்டும். கூப்பிடுகிற குரல் குறைந்தால் உள்ளே வருகிறவையும் குறைய வேண்டும். அந்த மருந்து பல்கலைக்கழகத்துக் குளிர்பெட்டியில் நான்கு மாதமாகத் தொடப்படாமல் இருந்தது.

அன்று மாலை அவள் பேராசிரியைக்கு வரைபடங்களைப் படம் பிடித்து அனுப்பினாள். பதில் உடனே வந்தது. தலைப்பைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. எந்த வில்லை, எந்தச் சூடு, எத்தனை குஞ்சு என்று எட்டுக் கேள்விகள் இருந்தன. அப்பாவிடம் வாசித்துக் காட்டினாள். எட்டாவது கேள்வி குஞ்சை எதில் பதித்தாய் என்பது. கடை பெயரையும் சேர்த்து எழுது என்றார் அப்பா.

வியாழக்கிழமை பாதை ஒரு பக்கமாகத் திறந்தது. அம்மா கொழும்பிலிருந்து வந்து சேர்ந்த பிறகு கோசலா புறப்பட்டாள். பல்கலைக்கழகம் போன கையோடு அடைகாப்புப் பெட்டியின் கீழ்த்தட்டை விட்டுவிட்டு நடுத்தட்டுக்கு மாறினாள். ஒவ்வொரு கிண்ணத்துக்குப் பக்கத்திலும் ஒரு வெப்பமானி நட்டாள். மீன்கள் மறுபடி முட்டையிட மூன்று வாரம் எடுத்தன. முட்டைகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு மருந்து கலந்தாள். எந்தக் கிண்ணம் எதுவென்று தனக்கே தெரியாதபடி பொன்னையாவைக் கொண்டு இலக்கம் ஒட்டவைத்தாள். நான்காம் நாள் நாற்பது குஞ்சுகளையும் எண்ணி முடித்தபின்தான் இலக்கத் தாளை வாங்கிப் பிரித்தாள்.

பிரித்துப் பார்த்துவிட்டு ஆய்வுகூடத்துக்கு வெளியே படிக்கட்டில் வந்து நின்று கிருஷாந்திக்குப் போன் போட்டாள். கோழிக்குஞ்சுகளின் சத்தம்தான் முதலில் கேட்டது.

"எத்தனை?" என்றாள் கிருஷாந்தி. ஹலோ சொல்லவில்லை.

"சாதாரணமா வளந்ததுல சராசரி இருபத்தாறு."

"மருந்து போட்டதுல?"

"ஏழு."

அந்தப் பக்கம் கிருஷாந்தி யாரிடமோ திரும்பி, அதுங்க கூப்பிட்டுத்தான் வந்திருக்கு சேர், இருபத்தாறுக்கு ஏழு என்று கத்துவது கேட்டது. ஜீவராஜ் போனை வாங்கி, எத்தனை குஞ்சில் பார்த்தீர்கள், மறுபடி எப்போது செய்யப்போகிறீர்கள் என்று கேட்டார். கோசலா படியில் உட்கார்ந்து, முதல் கிண்ணத்திலிருந்து சொல்லத் தொடங்கினாள்.